‘கெட்’ என்ற சொல்லைக் கையாள்வது எப்படி: பொருள், பயன்பாடு, பிறப்பு – முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தில் ‘கெட்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் முதல் பொருளாக ‘பெறு’ என்றுதான் இருக்கும். அந்த ஒன்றை மட்டும் நம்பி ஓர் உரையாடலைக் கேட்கப் போனால் சீக்கிரமே தடுக்கி விழுவோம். ‘இட்ஸ் கெட்டிங் டார்க்’ என்கிறார்கள். இருட்டு எதைப் பெறுகிறது? ‘ஐ காட் ஹோம் லேட்’ என்றால் வீட்டைத் தாமதமாகப் பெற்றாரா? ‘ஹி காட் ஹர்ட்’, ‘ஐ டோன்ட் கெட் இட்’, ‘கெட் ஹிம் டு சைன்’ என்று வரிசையாக வரும்போது, இந்தச் சொல்லுக்கு முப்பது நாற்பது பொருள்கள் இருக்கும் போலிருக்கிறது, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தாக வேண்டும் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

மனப்பாடம் தேவையில்லை. இந்தச் சொல்லின் அடியில் இருப்பது ஒரே அசைவுதான்: முன்பு இல்லாதது இப்போது வந்து சேர்கிறது. பொருளாக இருந்தால் கைக்கு வருகிறது, நிலையாக இருந்தால் அந்த நிலைக்கு ஆகிறோம், இடமாக இருந்தால் அங்கே போய்ச் சேர்கிறோம். எது என்பதை ‘கெட்’டுக்கு அடுத்து வரும் சொல் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலம் ஒரே சொல்லிடம் கொடுத்த இந்த வேலைகளைத் தமிழ் கிடை, வாங்கு, ஆகு, படு, கொள், வை, சேர் என்று பல வினைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. அவ்வளவையும் நாம் தினமும் பிழையில்லாமல் பேசுகிறோம். எந்த இடத்தில் எது எதற்கு ஈடு என்று பார்த்துக்கொண்டால் போதும்.

படி 1: ஒலியும் வடிவங்களும்

முதல் எழுத்தின் ஒலி ‘தங்கம்’ என்ற சொல்லின் நடுவில் வரும் ‘க’. ‘கடல்’ என்பதன் முதல் ‘க’ வராது. கடந்த காலம் ‘காட்’. மூன்றாம் வடிவம் பிரிட்டனில் ‘காட்’, அமெரிக்காவில் பெரும்பாலும் ‘காட்டன்’.

‘காட்டன்’ என்பதை அமெரிக்கர்கள் கண்டுபிடித்த கொச்சை என்று நினைப்பவர்கள் உண்டு. அது பழைய ஆங்கில வடிவம். கடல் கடந்து குடியேறியவர்களோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்து அங்கே பிழைத்துக்கொண்டது. பிரிட்டனில்தான் அது பின்னர் வழக்கொழிந்தது. அங்கும் ‘ஃபர்காட்டன்’ என்ற சொல்லிலும், முறைகேடாகச் சேர்த்த சொத்தைக் குறிக்கும் ‘இல்-காட்டன்’ என்ற சொல்லிலும் அது இன்றும் உயிரோடு இருக்கிறது.

படி 2: வேரைத் தெரிந்துகொள்ளுங்கள்

பொருளைக் கற்க வந்தவருக்கு வரலாறு எதற்கு என்று இந்தப் படியைத் தாண்டிவிட வேண்டாம். பின்னால் வரும் பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

793இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரம் உள்ள லிண்டிஸ்ஃபார்ன் தீவின் மடத்தை ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் கொள்ளையடித்தார்கள். 865இல் டேனியர்களின் பெரும்படை ஒன்று இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இறங்கியது. வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் நிலம் பிடித்து, உழுது, அங்கேயே மணம் முடித்துத் தங்கிவிட்டார்கள். அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியும் பழைய ஆங்கிலமும் பங்காளி மொழிகள்; ஒருவர் பேசினால் மற்றவருக்குப் பாதியாவது விளங்கும். அந்த அக்கம்பக்க வாழ்க்கையில்தான் ‘டேக்’, ‘ஸ்கை’, ‘நைஃப்’, ‘விண்டோ’ போன்ற சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்தன. ‘அவர்கள்’ என்று பொருள்படும் ‘தே’கூட அப்படி வந்ததுதான். பிரதிப்பெயரையே இரவல் வாங்கும் அளவுக்கு நெருக்கம் இருந்திருக்கிறது. ‘கெட்’ அந்த வரிசையில் ஒன்று. நார்ஸ் மொழியில் அது ‘கெட்டா’. ஆங்கில எழுத்தில் சுமார் 1200 வாக்கில் தென்படத் தொடங்குகிறது.

பழைய ஆங்கிலத்திலும் இதே வேர் இருந்தது. ஆனால் அது தனியாக நடமாடவில்லை; முன்னொட்டோடு ஒட்டிக்கொண்டே வந்தது. அங்கே அதன் முதல் ஒலி யகரம்: மறத்தலுக்கு ‘ஃபொர்யெட்டன்’, அடைதலுக்கு ‘பெயெட்டன்’, உணர்தலுக்கும் விளங்கிக்கொள்ளுதலுக்கும் ‘ஒன்யெட்டன்’. நார்ஸ்காரர்கள் வராமல் போயிருந்தால் இன்று ஆங்கிலேயர் ‘யெட்’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இந்த யகர-ககரப் போட்டி பல நூற்றாண்டுகள் நீடித்தது. இங்கிலாந்தின் முதல் அச்சாளர் வில்லியம் கேக்ஸ்டன் 1490இல் தாம் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் இதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். தேம்ஸ் ஆற்றில் காற்றுக்காகக் காத்திருந்த வணிகர்களில் ஒருவர் கரையிறங்கி ஒரு பெண்ணிடம் ‘எக்ஸ்’ கேட்டாராம். தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டார். வணிகருக்கும் பிரெஞ்சு தெரியாது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்திலிருந்த இன்னொருவர், இவர் கேட்பது ‘ஐரன்’ என்று எடுத்துச் சொன்ன பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு முட்டை என்று புரிந்தது. ‘எக்’ நார்ஸ் வழி வந்தது, ‘ஐரன்’ பழைய ஆங்கில வழி வந்தது. இரண்டுமே ஒரே காலத்தில் புழங்கின. முட்டை விஷயத்தில் ககரம் வென்றது போலவே ‘கெட்’டிலும் வென்றது. பின்பு ‘ஃபர்கெட்’டும் தன் யகரத்தை விட்டுவிட்டு அதைப் பின்பற்றிக்கொண்டது.

இன்னும் ஆழமாகப் போனால், ஆங்கிலம், லத்தீன் முதலியவற்றின் பொது மூதாதையான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் இந்த வேருக்குப் ‘பிடி, பற்று’ என்று பொருள். அதே வேர் லத்தீனில் முதல் ஒலி ஹகரமாக மாறி ‘ப்ரெஹெண்டெரே’ என்ற வினைக்குள் நிற்கிறது. அதிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தவை பல: பிடித்து அடைக்கும் ‘ப்ரிசன்’, திடீரென்று ஆளைப் பிடித்துக்கொள்ளும் ‘சர்ப்ரைஸ்’, விளங்கிக்கொள்ளும் ‘காம்ப்ரிஹென்ட்’. எல்லாமே ‘கெட்’டின் தூரத்து உறவுக்காரர்கள். ‘ஃபர்கெட்’ என்பதும் இப்போது துலங்கும்: பிடித்திருந்ததை நழுவவிடுவது.

‘ஐ கெட் இட்’ என்றால் ஏன் ‘புரிகிறது’ என்று பொருள் என்ற கேள்விக்கும் விடை இதில் இருக்கிறது. பிடிப்பதும் புரிவதும் மனித மனத்தில் ஒன்றோடொன்று ஒட்டியவை. ‘விஷயம் பிடிபட்டது’ என்று நாமும்தானே சொல்கிறோம். நார்ஸ் ‘கெட்டா’வுக்கு அடைதல், பிள்ளை பெறுதல் ஆகியவற்றோடு ஊகித்தல் என்ற பொருளும் இருந்தது. ஐஸ்லாந்து மொழியில் விடுகதையைக் குறிக்கும் சொல் இந்த வேரில் பிறந்ததுதான்.

படி 3: அடுத்து பெயர்ச்சொல் வந்தால்

‘கெட்’டுக்குப் பின் ஒரு பொருளின் பெயர் வந்தால் அது நம்மிடம் வருகிறது. எப்படி வருகிறது என்பதை ஆங்கிலம் கண்டுகொள்வதில்லை; தமிழ் கண்டுகொள்கிறது.

‘ஐ காட் எ லெட்டர்’ – எனக்கு ஒரு கடிதம் வந்தது.
‘ஐ காட் எ ஜாப்’ – எனக்கு வேலை கிடைத்தது.
‘ஐ காட் எ நியூ போன்’ – புதிய போன் வாங்கினேன்.
‘ஐ காட் எ கோல்ட்’ – எனக்குச் சளி பிடித்துவிட்டது.
‘கெட் மீ எ சேர்’ – எனக்கு ஒரு நாற்காலி எடுத்துவா.

முதல் இரண்டையும் நான்காவதையும் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘ஐ’ எழுவாய். தமிழில் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமை வந்துவிட்டது. கடிதமும் வேலையும் சளியும்தான் தமிழில் எழுவாய்கள். அவை தாமாக வந்தன, நான் வெறுமனே இருந்தேன். என் முயற்சியால் நடந்த மூன்றாவதில் மட்டும் ‘நான்’ உள்ளே மறைந்து நிற்கிறது. தமிழில் யோசித்து ஆங்கிலம் பேசுகிறவர்கள் தயங்கும் இடம் இதுதான். ‘எனக்குக் கிடைத்தது’ என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு ‘டு மீ’ என்று தொடங்கப் பார்ப்பார்கள். ஒரு பழக்கம் போதும்: மனத்தில் ‘எனக்கு… கிடைத்தது, வந்தது, பிடித்தது’ என்று எழுந்தால் நாக்கில் ‘ஐ காட்’ என்று வரட்டும்.

தனித்தனியாகப் பார்த்தால் ‘கெட்’டுக்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் ‘வாங்கு’ என்பதே என் கணிப்பு. கடையில் வாங்கலாம், பரிசு வாங்கலாம், மதிப்பெண் வாங்கலாம், அடியும் திட்டும் வாங்கலாம். முயன்று பெறுவதும் தலையில் வந்து விழுவதும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. ‘பெறு’ எழுத்துத் தமிழின் சொல். ‘கெட்’ பேச்சின் சொல். அகராதி ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 4: அடுத்து பண்புச்சொல் வந்தால்

இங்கே ‘கெட்’ என்றால் ‘ஆகு’. ‘கெட் டயர்ட்’ களைப்பாகிவிடுவது, ‘கெட் ஓல்ட்’ வயதாவது, ‘கெட் ஆங்க்ரி’ கோபம் வருவது, ‘கெட் பெட்டர்’ குணமாவது. படிப்படியான மாற்றத்துக்கு ‘கெட்டிங்’கை எடுத்துக்கொண்டு பண்புச்சொல்லை இரட்டித்துவிடுவார்கள்: ‘இட்ஸ் கெட்டிங் கோல்டர் அண்ட் கோல்டர்’. குளிர் கூடிக்கொண்டே போகிறது.

‘பி’ என்ற வினையோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். ‘ஷி இஸ் மேரீட்’ என்றால் அவர் மணமானவர், அது நிலை. ‘ஷி காட் மேரீட் இன் ஜூன்’ என்றால் ஜூனில் திருமணம் நடந்தது, அது நிகழ்ச்சி. தேதி சொல்ல வேண்டிய இடத்தில் ‘கெட்’ வேண்டும்.

படி 5: அடுத்து இடம் வந்தால்

போய்ச் சேர்தல். ‘வி காட் டு தி ஸ்டேஷன்’ – நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ ஆகிய மூன்றுக்கும் முன்னால் ‘டு’ வராது: ‘காட் ஹோம்’, ‘காட் தேர்’. இதற்கு நேர்மாறாக ‘ரீச்’ என்ற வினைக்கு எந்த இடத்துக்கும் ‘டு’ கூடாது. தமிழின் ‘-க்கு’ மனத்தில் இருப்பதால் ‘ரீச்ட் டு’ என்று பலருக்கும் வந்துவிடுகிறது.

வாகனங்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. உள்ளே எழுந்து நடமாட முடிகிற பேருந்து, ரயில், விமானம் ஆகியவற்றுக்கு ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. குனிந்து நுழைந்து உட்கார்ந்துவிடும் காருக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆஃப்’. சைக்கிளுக்கு மேலே ஏறி உட்கார்வதால் ‘கெட் ஆன்’.

படி 6: அடுத்து செயப்பாட்டு வடிவம் வந்தால்

‘ஹி காட் ஹர்ட்’, ‘தி விண்டோ காட் புரோக்கன்’, ‘ஷி காட் புரமோட்டட்’. தமிழில் இதற்கு ‘படு’ இருக்கிறது: அடிபட்டான், மாட்டுப்பட்டான். பேச்சில் ‘வாங்கு’, ‘விடு’ போன்றவையும் உதவிக்கு வரும். ஆங்கிலத்தில் இந்த வழக்கு 17ஆம் நூற்றாண்டில் தலைகாட்டி, மெல்ல மெல்லப் பேச்சில் வேரூன்றியது.

‘வாஸ் ஹர்ட்’ என்பதற்கும் ‘காட் ஹர்ட்’ என்பதற்கும் நடுவே நுட்பமான வேறுபாடு உண்டு. ‘காட்’ வரும்போது பேசுகிறவருக்கு அந்த நிகழ்ச்சியில் ஓர் ஈடுபாடு இருக்கிறது. நடந்தது அந்த ஆளுக்கு நல்லதோ கெட்டதோ, ஏதோ ஒன்றாக உறைக்கிறது. சில சமயம் அவருக்கும் அதில் பங்குண்டு என்ற சாயல் விழும். ‘ஹி காட் ஹிம்செல்ஃப் அரெஸ்டட்’ என்றால் ‘போய் மாட்டிக்கொண்டான்’ என்று தமிழில் சொல்கிறோமே, அந்தக் ‘கொண்டான்’ அப்படியே அதில் இருக்கிறது. ஒரே நொடியில் நடந்து முடியாத, மனத்துக்குள் நிலைத்திருக்கும் வினைகளோடு இது பொருந்தாது. ‘ஹி காட் லைக்ட் பை எவ்ரிஒன்’ என்று யாரும் சொல்வதில்லை.

தனக்குத்தானே செய்துகொள்ளும் ‘கெட் ட்ரெஸ்ட்’ (உடுத்திக்கொள்), ‘கெட் ரெடி’ (தயாராகிக்கொள்) போன்றவற்றுக்கும் தமிழின் ‘கொள்’ கச்சிதமாகப் பொருந்தும்.

படி 7: பிறரைக் கொண்டு செய்வித்தல்

தமிழர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்று தமிழில் சொன்னால் முடிதிருத்துபவர் வெட்டினார் என்பது கேட்பவருக்குத் தானே விளங்கும். இதை ‘ஐ கட் மை ஹேர்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் கத்தரியை நானே எடுத்தேன் என்றாகிவிடும். ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்பதே சரி. ‘போனைச் சரி செய்தேன்’ என்பதற்கும் அப்படித்தான்: கடையில் கொடுத்துச் செய்திருந்தால் ‘ஐ காட் மை போன் ரிப்பேர்ட்’. அமைப்பு இதுதான்: கெட், பிறகு பொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம்.

செய்கிற ஆளைச் சொல்ல வேண்டுமானால் அமைப்பு மாறும்: கெட், ஆள், ‘டு’, வினை. ‘ஐ காட் ஹிம் டு சைன்’ – அவரைக் கையெழுத்துப் போடவைத்தேன். ‘மேக்’, ‘ஹேவ்’ என்ற வினைகளுக்கு இந்த ‘டு’ கிடையாது. ‘மேட் ஹிம் சைன்’, ‘ஹேட் ஹிம் சைன்’. தமிழில் மூன்றுக்குமே ‘வைத்தேன்’ என்று வந்தாலும் ஆங்கிலத்தில் தொனி வேறு. ‘மேக்’கில் கட்டாயம் இருக்கிறது. ‘ஹேவ்’ என்பது, செய்ய வேண்டியவரிடம் சொன்னேன், செய்தார் என்பது போல. ‘கெட்’டில் பேசி, கெஞ்சி, சம்மதிக்கவைத்த உழைப்பு தெரியும். முன்பு இல்லாத ஒப்புதலை வரவைத்தோம் அல்லவா, வேரிலிருந்த ‘பிடி’ இங்கும் வேலை செய்கிறது.

ஆள் யாரும் இல்லாமல் ‘கெட் டு’ என்பதற்குப் பின் நேராக வினை வந்தால் வாய்ப்புக் கிடைப்பது: ‘ஐ காட் டு மீட் ஹர்’ – அவரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது.

படி 8: ‘ஹேவ் காட்’

‘ஐ ஹேவ் காட் எ பிரதர்’ என்றால் எனக்கு ஒரு சகோதரர் இருக்கிறார். வடிவம் முடிந்த செயலுடையது, பொருளோ நிகழ்காலம். வந்து சேர்ந்துவிட்டது என்றால் இப்போது இருக்கிறது என்றுதானே பொருள். அந்த ஏரணத்தில்தான் ‘பெற்றிருக்கிறேன்’ என்பது நாளடைவில் ‘இருக்கிறது’ என்று நிலைத்தது. எதிர்மறை ‘ஹேவன்ட் காட்’. ‘டோன்ட் ஹேவ் காட்’ என்று கலக்கக்கூடாது.

படி 1இல் பார்த்த அமெரிக்கக் ‘காட்டன்’ இங்கே உண்மையிலேயே பயன்படுகிறது. ‘ஐவ் காட் எ டிக்கெட்’ என்றால் டிக்கெட் என் கையில் இருக்கிறது. ‘ஐவ் காட்டன் எ டிக்கெட்’ என்றால் அதைப் பெற்றுவிட்டேன். பிரிட்டனில் இந்த வேறுபாட்டை வடிவத்தால் காட்ட வழியில்லை.

‘ஹேவ் காட் டு’ கட்டாயத்தைச் சொல்லும்: ‘ஐவ் காட் டு கோ’, நான் போயாக வேண்டும். பேச்சில் அது சுருங்கி ‘காட்டா’ ஆகும். எழுத்தில் அந்தச் சுருக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 9: சிறு ஒட்டுகளோடு வரும் ‘கெட்’

அப், ஓவர், பை, த்ரூ, அவே என்று நீளும் பட்டியலைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒட்டு ஓர் இடத்தையோ திசையையோ காட்டுகிறது. ‘கெட்’ அங்கே கொண்டுசேர்க்கிறது. நோயோ துயரமோ ஒரு மேடு என்றால் அதன் மறுபக்கம் போய்விடுவது ‘கெட் ஓவர்’. நெருக்கடியை ஊடுருவி வெளியே வருவது ‘கெட் த்ரூ’. இருப்பதை வைத்து ஒருவாறு கடந்துபோவது ‘கெட் பை’. தப்பிப் போவது ‘கெட் அவே’. அதோடு ‘வித்’ சேர்ந்தால் தவறு செய்தும் தண்டனையில்லாமல் தப்பிப்பது. சொல்ல வந்ததை எதிரில் இருப்பவரிடம் கொண்டுசேர்ப்பது ‘கெட் அக்ராஸ்’. பாதிக்கு மேல் இப்படியே ஊகித்துவிடலாம். ஒத்துப்போவதைக் குறிக்கும் ‘கெட் அலாங்’ போன்ற சிலவற்றை மட்டும் வாக்கியத்தோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

படி 10: எங்கே தவிர்ப்பது

1066இல் வட பிரான்ஸிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’, ‘அக்வயர்’, ‘அரைவ்’ எல்லாம் அந்த வழியாக வந்த சொற்கள். அதனால் இன்றும் அவற்றில் ஓர் அலுவலக வாடை உண்டு. ‘கெட்’டில் வீட்டு வாடை. விண்ணப்பம், ஆய்வுக் கட்டுரை, ஒப்பந்தம் ஆகியவற்றில் ‘கெட்’ வரும் இடத்தில் ‘ரிசீவ்’, ‘பிகம்’, ‘அரைவ்’ என்று மாற்றிப் பாருங்கள். எந்தச் சொல்லைப் போடுவது என்ற தேர்வே நீங்கள் சொல்ல வந்ததைக் கூர்மையாக்கிவிடும்.

இந்த அறிவுரையைப் பேச்சுக்கும் நீட்டிவிடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ‘கெட்’ நல்ல ஆங்கிலம் ஆகாது என்று சொல்லிக்கொடுத்து, மாணவர்களை எதற்கெடுத்தாலும் ‘அப்டெய்ன்’ என்று பேசவைப்பது அவர்களுக்குச் செய்யும் தீங்கு. 1611ஆம் ஆண்டின் விவிலிய மொழிபெயர்ப்பே ஞானத்தைத் தேடிக்கொள் என்பதைக் ‘கெட் விஸ்டம்’ என்றுதான் சொல்கிறது.

படி 11: ஒரு பயிற்சி

கீழே உள்ள வாக்கியத்தில் ‘காட்’ ஐந்து முறை வருகிறது. ஒவ்வொன்றுக்கும் அடுத்த சொல்லைப் பார்த்து, தமிழில் எந்த வினை வரும் என்று சொல்லிப் பாருங்கள்.

‘ஐ காட் அப் லேட், காட் ட்ரெஸ்ட், காட் ஆன் தி பஸ், காட் டு வொர்க் அட் டென் அண்ட் காட் டோல்ட் ஆஃப்.’

விடை: தாமதமாக எழுந்தேன், உடுத்திக்கொண்டேன், பேருந்தில் ஏறினேன், பத்து மணிக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன், திட்டு வாங்கினேன். நான்காவதில் ‘டு’வுக்குப் பின் வரும் ‘வொர்க்’ இங்கே வினை இல்லை, வேலையிடத்தைக் குறிக்கும் பெயர். அதனால்தான் அது படி 5இன் ‘சேர்’. அதை வினையாக எடுத்துக்கொண்டு ‘வேலை செய்யும் வாய்ப்புக் கிடைத்தது’ என்று எழுதியிருந்தால் படி 5ஐயும் படி 7இன் கடைசிப் பத்தியையும் சேர்த்து வைத்து இன்னொரு முறை படியுங்கள்.